ஆக்டோபஸை வீட்டுத் தொட்டிக்குப் பழக்குவது: பையைப் பிரிப்பதற்கு முன் படியுங்கள்

என் முதல் ஆக்டோபஸ் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் இரவு செத்துப்போனது. தொட்டியில் குறை இல்லை. மூன்று மாதம் ஓடிப் பக்குவப்பட்ட தொட்டி அது. வந்த பையிலிருந்து தொட்டிக்கு மாற்றுவதற்கு நான் எடுத்துக்கொண்ட நான்கு மணி நேரம்தான் அதைக் கொன்றது. மீன்களுக்கும் பவளங்களுக்கும் சொல்லப்படும் முறையை அப்படியே நம்பி, எவ்வளவு மெதுவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்று சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதம் கழித்து வாங்கிய இரண்டாவது, இதை எழுதும்போது எனக்குப் பின்னால் ஒரு மண்சட்டிக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில், வாடகை வீட்டில். வளர்ப்பது கலிபோர்னியாக் கடலோரத்து இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘பைமேக்’ என்பார்கள். ஊரில் மீன் வாங்கும்போது பேய்க்கணவாய் என்று சொல்வோமே, அந்தச் சாதிதான். வேறு இனம் வாங்கினால் வெப்பநிலை மாறும். மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்த இனம், என்ன வயது என்று கேளுங்கள்

பல கடைகளில் பெயர் தெரியாத ஆக்டோபஸை வெறும் ‘ஆக்டோபஸ்’ என்றே விற்கிறார்கள். பெயர் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். வெப்பமண்டலக் கடலிலிருந்து வந்ததற்கு 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வேண்டும். பைமேக்குக்கு 18 முதல் 20 டிகிரிதான் சுகம். இனம் தெரியாமல் தொட்டியை எந்த வெப்பத்தில் வைப்பீர்கள்? அதைவிடப் பெரிய ஆபத்து, நீலவளைய ஆக்டோபஸ். அதன் கடியில் இருக்கும் டெட்ரோடோடாக்ஸின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அமைதியாக இருக்கும்போது வளையங்கள் மங்கலாகத்தான் தெரியும், சீண்டினால்தான் பளிச்சிடும். பைமேக்கில் கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீல வளையப் பொட்டுகள் இருக்கும். உடல் முழுக்கச் சிறு வளையங்கள் தெரிந்தால் பேசாமல் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

பைமேக்கின் ஆயுள் ஒன்றரை ஆண்டு என்றால் அதிகம், இரண்டு என்றால் அதிசயம். ‘நல்ல பெரிய சைஸ்’ என்று கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது உண்மையில் ஒரு கிழவரை. உடற்பை, அதாவது தலைக்குப் பின்னால் இருக்கும் பை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கிற குட்டியாகக் கேளுங்கள். பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்றும் கேளுங்கள். கடலில் பிடித்த பெண் ஏற்கெனவே இணைசேர்ந்திருந்தால், உங்கள் தொட்டியில் முட்டையிட்டு, உண்ணாமல் காவலிருந்து, அதோடு முடிந்துபோகும்.

2. தொட்டிக்கு மூன்று மாதம் கொடுங்கள்

ஆக்டோபஸை ஆர்டர் செய்துவிட்டுத் தொட்டி வாங்கப் போகாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக நாளாகும். ஒரு பைமேக்குக்குக் குறைந்தது 55 கேலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர். என்னுடையது 75 கேலன். ஆக்டோபஸ் நிறையத் தின்னும், அதற்கேற்ற கழிவையும் விடும். ஆகையால் நுரையெழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மர் உங்கள் தொட்டியைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவுக்கானதாக இருக்கட்டும். கோடையில் ஏசி ஓடினாலும் அறை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும்; பைமேக் வளர்க்கக் குளிர்விப்பான் இல்லாமல் முடியாது.

குழாய் நீரை விட வேண்டாம். கிருமி கொல்லக் குழாய் நீரில் சேர்க்கும் குளோரமின் ஒரு பக்கம் இருக்க, பல வீடுகளில் குழாய்களே தாமிரம். ஆக்டோபஸின் ரத்தம் நீலமாக இருப்பதே அதிலுள்ள தாமிரத்தால்தான். ஆனால் நீரில் துளி தாமிரம் கலந்தாலும் அது செத்துவிடும். ஆர்.ஓ. நீரில் கடலுப்பைக் கரைத்து விடுங்கள். பழைய தொட்டி வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டி என்றால், அதிலிருந்த பாறை அதை உறிஞ்சி வைத்திருந்து மாதக்கணக்கில் கசியவிடும். ‘மருந்து ஊற்றினீர்களா’ என்று கேட்டால் விற்கிறவர் இல்லை என்றுதான் சொல்வார். தாமிரச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி நீங்களே பாருங்கள்.

கடைசி ஒரு மாதம், ஆக்டோபஸ் இருப்பதாகவே நினைத்துத் தொட்டிக்குத் தீனி போடுங்கள். நான் தினமும் ஓர் இறாலைப் போட்டு, மறுநாள் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதினேன். முதல் வாரம் நிற்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஆர்டர் கொடுத்தேன்.

வேறு உயிர் எதுவும் வேண்டாம். மீனை அது தின்னும், அல்லது மீன் அதன் கையைக் கடிக்கும். கடல் அனிமோன் கொட்டும். இன்னோர் ஆக்டோபஸ் என்றால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

3. மூடிக்குச் செலவழியுங்கள்

அதன் உடம்பில் கடினமான பொருள் அலகு ஒன்றுதான். அலகு நுழையும் ஓட்டையில் முழு ஆக்டோபஸும் நுழையும். சுண்டுவிரல் போகிற இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். பெரும்பாலும் இடைவெளி மூடியில் இருப்பதில்லை. குழாயும் மின்வயரும் உள்ளே போகிற வெட்டில்தான் இருக்கும். அங்கே பஞ்சை இறுக்கித் திணித்தேன். மூன்றாம் நாள் அந்தப் பஞ்சு தொட்டிக்குள் மிதந்தது. இப்போது அக்ரிலிக் துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன். மூடிக்கு ஆறு கொக்கிகள்.

தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாய்க்கும் வலை கட்டுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்ப்பது அதன் குணம். 2009 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா பியர் மீன்காட்சியகத்தில் இதே இரட்டைப்புள்ளி இனத்தைச் சேர்ந்த ஒன்று இரவில் ஒரு வால்வைப் பிரித்து, ஏறத்தாழ 200 கேலன் நீரைத் தரையில் ஓடவிட்டது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

4. காகிதங்கள்

அழியும் அபாயத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் ஆக்டோபஸ் இனங்கள் இல்லை. ஆகவே அமெரிக்காவுக்குள் பண்ணைக் குட்டியை வாங்குவதற்கு அந்தச் சான்று கேட்கமாட்டார்கள். ஆனால் மாநில விதிகள் ஒன்றுக்கொன்று வேறு. உங்கள் மாநில வனவிலங்குத் துறைக்கு, இனத்தின் அறிவியல் பெயரான ‘ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ்’ என்பதைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்து வையுங்கள். எனக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. கடற்கரையில் நானே பிடித்து வருகிறேன் என்று கிளம்பாதீர்கள்; உரிமம், இடத்துக்கு இடம் மாறும் தடை என்று அது தனிக் கதை.

வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 75 கேலன் தொட்டியில் நீர் மட்டுமே 290 கிலோ. கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்ந்தால் 380 கிலோவைத் தாண்டும். ‘செல்லப்பிராணிகள் அனுமதி’ என்ற வரியை நம்பி இதை இறக்கிவிட முடியாது. வாடகைதாரர் காப்பீட்டில் தொட்டி உடைந்து கீழ்வீட்டுக்கு ஏற்படும் நீர்ச்சேதம் சேருமா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் பழைய பாலிசியில் சேரவில்லை. மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது, விற்பவரின் ‘உயிரோடு வந்து சேரும்’ உத்தரவாதம். இதை ஆர்டருக்கு முன்பே முழுதாகப் படியுங்கள். எனக்கு விற்றவரின் நிபந்தனை இப்படி: பெட்டி கைக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள், பையைத் திறக்காமல் எடுத்த படத்தோடு புகார் செய்யவேண்டும், முதல் முயற்சியிலேயே நாம் பெட்டியை வாங்கியிருக்கவேண்டும், கூரியர் தாமதத்துக்கு அவர் பொறுப்பில்லை. முதல் தடவை நான் பையைத் திறந்த பிறகுதான் படம் எடுத்தேன். பணம் திரும்பி வரவில்லை.

5. எனக்கு ஆன செலவு

பழைய தொட்டியும் மேசையும் 250 டாலர், ஸ்கிம்மர் 280, பழைய குளிர்விப்பான் 450, ஆர்.ஓ. கருவி 160, உப்பு, மணல், பாறை மூன்றுக்கும் சேர்த்து 240, மூடியும் கொக்கிகளும் 90, சோதனைப் பெட்டிகளும் நீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் 110. ஆக்டோபஸ் 120. ஓரிரவு விமானக் கூரியர் 65. மொத்தம் 1,765 டாலர். இதில் ஆக்டோபஸும் அதன் பயணமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பிறகு மாதம் 45 டாலர் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறது. இறால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். அதற்கு வாங்கியது யாருக்கு வாங்கியது என்பதில் அவ்வப்போது தகராறு.

6. விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஆர்டர் கொடுத்த அன்றே விற்பவருக்கு எழுதி, அவருடைய நீரின் வெப்பநிலை, ஒப்படர்த்தி (நன்னீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண், உப்பு கூடினால் இதுவும் கூடும்), பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) மூன்றையும் கேளுங்கள். பிறகு உங்கள் தொட்டியை அந்த எண்களுக்கு மெல்லக் கொண்டுவாருங்கள். தொட்டி காத்திருக்கும், பைக்குள் இருப்பது காத்திருக்காது.

காரணம் இதுதான். மீன் தன் உடம்பின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆக்டோபஸுக்கு அந்த வசதி இல்லை. சுற்றியுள்ள நீரில் எவ்வளவு உப்போ, அதன் ரத்தத்திலும் ஏறத்தாழ அவ்வளவு உப்பு. ஆகவே உப்பு வித்தியாசம் அதை நேராகத் தாக்கும். வித்தியாசம் அதிகமானால் நெடுநேரம் சொட்டுநீர் விடவேண்டியிருக்கும். ஆனால் நெடுநேரம் பைநீரில் வைத்தால் அடுத்த படியில் சொல்லப்போகிற அம்மோனியா கொல்லும். இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் என் முதல் ஆக்டோபஸ் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது தடவை விற்பவர் சொன்னது 18 டிகிரி, 1.025, 8.1. என் தொட்டி 20 டிகிரி, 1.027, 8.2. ஒரு வாரத்தில் உப்பில்லாத ஆர்.ஓ. நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி 1.025-க்கு இறக்கினேன், குளிர்விப்பானை 18-க்கு வைத்தேன். ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தநீரை வைத்துச் சுழியத்துக்குத் திருத்தினால் போதாது. ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள திருத்தக் கரைசலை வாங்கித் திருத்துங்கள். என்னுடையது அதற்கு முன் இரண்டு புள்ளி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அனுப்புவதற்கு முன் ஒரு நாள் தீனி போடாமல் வைக்கச் சொல்லுங்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். செவ்வாய் அனுப்பி புதன் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது ஒரு நாள் தாமதமானால் திங்கள்வரை கிடங்கில் கிடக்கும். வீட்டு வாசலுக்கு வரவைக்காமல் கூரியர் அலுவலகத்துக்கே போய் வாங்குவது மேல். டெக்சாஸ் ஆகஸ்டில் வாசற்படி என்பது அடுப்பு.

7. வரும் நாள்

முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள்: மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, அக்வாரியத்துக்கு மட்டும் பயன்படுத்தும் காற்றுக்குழாய், காற்றுக்கல், சோதனைப் பெட்டிகள், முதுகெலும்பற்ற உயிர்களுக்குப் பாதகமில்லை என்று எழுதியிருக்கும் அம்மோனியா கட்டுப்படுத்தும் திரவம், தொட்டியின் வடிகட்டியில் புதிய கரி. தொட்டி நீரில் 20 லிட்டரை எடுத்துத் தனியாக, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மைவிட்டால் அது வேண்டும்.

பெட்டி வந்ததும் அறை விளக்கை அணையுங்கள். திறக்காத பையைப் படம் எடுங்கள். வெளிப்பையைக் கழற்றி, உள்பையைத் திறக்காமல் தொட்டியில் முப்பது நிமிடம் மிதக்கவிடுங்கள். வெப்பநிலை சமமாவதற்கு இது போதும். அவசரம் எதுவும் இல்லாத கட்டம் இது ஒன்றுதான்.

8. பையைத் திறந்த நிமிடம் முதல் கடிகாரம் ஓடுகிறது

பயணத்தில் அது மூச்சுவிட்ட கரியமில வாயு பையில் சேர்ந்து நீரின் பி.எச். இறங்கியிருக்கும். என் இரண்டாவது பையில் 7.4 இருந்தது. கழிவிலிருந்து வந்த அம்மோனியா அந்தக் குறைந்த பி.எச்.சில் பெரும்பாலும் கேடில்லாத அம்மோனியம் வடிவில் கிடக்கும். பையைத் திறந்தீர்களோ, வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். மேலே பி.எச். 8.2 உள்ள தொட்டி நீரை வேறு சொட்டவிடுகிறோம்! நான்கு மணி நேரம் முடிந்து முதல் பையின் நீரைச் சோதித்தபோது குழாய்க்குள் மஞ்சளாக இருக்கவேண்டிய நீர், அரைத்த கறிவேப்பிலை மாதிரி கரும்பச்சையாக நின்றது. அட்டையில் அதற்கு மேல் நிறமே இல்லை.

ஆகவே இந்த வரிசை. திறந்ததும் ஒரு சிறு குழாயில் நீர் எடுத்துத் தனியே வையுங்கள், சோதனை பிறகு. ஆக்டோபஸைத் தூக்காமல் பைநீரோடு வாளிக்குள் சரியவிடுங்கள். பையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், பையைக் கவிழ்த்தபடி நீருக்குள் வைத்துவிட்டுக் காத்திருங்கள், தானே விடும். அம்மோனியா திரவத்தை அளவாக விடுங்கள். காற்றுக்கல்லைப் போடுங்கள். குழாய் போகும் இடம் தவிர வாளியை மூடுங்கள். பிறகு சோதியுங்கள். ஒரு தகவல்: இந்தத் திரவம் விட்ட நீரில் சாதாரணச் சோதனை அம்மோனியாவைத் தொடர்ந்து காட்டும், கட்டுப்பட்டதையும் சேர்த்து அளப்பதால். திரவத்துக்கு முன் எடுத்த நீரைச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

தொட்டி நீரை வாளிக்குள் சொட்டு விடுவதற்குக் காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் இருக்குமே ஓர் உருளைத் திருகு, அது மாதிரி ஒன்று கிடைத்தால் இன்னும் வசதி. கீழே சொல்லும் நேரத்துக்குள் வாளி நீர் இரண்டு தடவை இரு மடங்காகும்படி வேகத்தை வையுங்கள். வாளி நீர் இரு மடங்கானதும் பாதியை வெளியே ஊற்றுங்கள். மறுபடி இரு மடங்கு. உப்பு வித்தியாசம் 0.001-க்குள் இருந்தால் நாற்பது நிமிடம் போதும். 0.002 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது தடவை எனக்கு எல்லாம் சேர்த்து எழுபது நிமிடத்தில் முடிந்தது, மிதக்கவிட்ட அரை மணி உட்பட.

வாளியில் மைவிட்டால் சொட்டு கிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். மையின் பிசின் செவுளை அடைக்கும். எடுத்து வைத்த 20 லிட்டரைக் கொண்டு நீரை உடனே மாற்றுங்கள்.

9. தொட்டிக்குள் விடுவது

வலைக்கரண்டி வேண்டாம். உறிஞ்சிகள் வலையைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கிழியும். ஓர் அகன்ற டப்பாவை வாளிக்குள் அமிழ்த்தி, அது ஏறியதும் கொஞ்ச நீரோடு தூக்கி, தொட்டிக்குள் முழுதாக இறக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். அதுவாக வெளியே நடந்து போகட்டும். எனக்குக் கை வலிக்கும்வரை பதினோரு நிமிடம் ஆனது. முதலில் ஒரு கை மட்டும் டப்பா விளிம்பைத் தாண்டி மணலைத் தொட்டது; தொட்ட இடத்திலேயே நிறம் மணலாகியது; பிறகுதான் மீதி ஏழும் வந்தன. டப்பாவில் வரும் கொஞ்ச நீர் பரவாயில்லை. வாளியில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

உடனே மூடிக் கொக்கி போடுங்கள். புகைப்படம் பிறகு.

10. முதல் பத்து நாள்

முதல் நாள் விளக்கும் இல்லை, தீனியும் இல்லை. ஒளிந்துகொள்ளச் சட்டியோ, பி.வி.சி. குழாய்த் துண்டோ இரண்டு மூன்று இடத்தில் முன்பே இருக்கவேண்டும். வந்த பிறகு கையை விட்டு மாற்றி வைக்காதீர்கள். இரவில் பார்க்க ஆசையாக இருந்தால் சிவப்பு விளக்கு.

இரண்டாம் நாள் மாலை சிறிய உயிர் நண்டு ஒன்று. ஃபிட்லர் நண்டு நன்றாக ஒத்துவருகிறது. நன்னீர்ப் பொன்மீனைத் தீனியாகப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டாம். உறைந்த இறால் வாங்கினால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்ற பதப்படுத்தும் ரசாயனம் சேர்த்தது என்றால் அதை உங்கள் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் பயப்படவேண்டாம். என்னுடையது நான்காம் நாள் இரவில் தின்றது. காலையில் சட்டி வாசலில் நண்டு ஓடு கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. உடம்பு முழுக்க வெளுத்து, வெளுத்தபடியே நிற்பது. கைகள் எதையும் பற்றாமல் தொங்குவது. நீர்மட்டத்துக்கு மேலே ஏற மறுபடி மறுபடி முயல்வது. மூன்றில் எதைக் கண்டாலும் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள், அடுத்து உப்பை. பக்குவப்படுத்திய, அதே உப்பும் வெப்பமும் உள்ள புதுநீரில் பத்து சதவீதம் மாற்றுங்கள். மருந்து எதையும் ஊற்றாதீர்கள்.

முதல் வாரம் தினமும் அம்மோனியாச் சோதனை, இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்தாம் நாளுக்குப் பிறகு தொட்டி வெப்பத்தை நாளுக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் உங்களுக்கு வேண்டிய அளவுக்கு மாற்றலாம். நான் 19-இலேயே நிறுத்திவிட்டேன். கையைத் தொட்டிக்குள் விடுவதையும் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். அதற்குள் அதுவே கண்ணாடி ஓரம் வந்து உங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். அப்போது கடிகாரம், மோதிரம் இரண்டையும் கழற்றிவிட்டு, சோப்பு வாசனை போகக் கழுவி, ஒரு விரலை மட்டும் நீட்டுங்கள்.